கரண்ட் முதலில் மெஷினுக்குத்தான் வந்தது

எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு ஒரு பெயர்ப்பலகை வெட்டுவதற்காக ஹட்டன் டவுனில் ஒரு கடைக்குப் போயிருந்தோம். லேசர் மெஷின் வைத்திருக்கும் சின்னக் கடை. பாடசாலை ஷீல்ட், கல்யாணப் பரிசு, கடைகளுக்கான போர்ட் எல்லாம் அங்கே வெட்டுவார்கள். வெளியே நல்ல மழை. பலகை எப்படி வெட்டுப்படுது என்று பார்க்க மெஷின் மூடியைப் பிடிக்கப் போனாள் எங்களில் ஒருத்தி. கடைக்கார அண்ணன் கத்தாத குறையாகத் தடுத்தார். "தங்கச்சி, பொடியில கை வைக்காதீங்க. மழ நேரம் கொஞ்சம் சுரீர்னு இழுக்கும். எனக்குப் பழகிப் போச்சு, செருப்பும் போட்டிருக்கேன்."

மெஷினுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தோம். சீனாவிலிருந்து வந்த மெஷின், சீனத்து ப்ளக். நம்ம சுவரில் இருப்பதோ மூன்று சதுர ஓட்டை. இரண்டுக்கும் நடுவில் ஒரு அடாப்டர். அந்த அடாப்டரில் எர்த் காலுக்கு உள்ளே பித்தளையே கிடையாது, வெறும் பிளாஸ்டிக்.

நாங்கள் கலைப்பீடம். கரண்ட் பற்றி எங்களுக்குத் தெரிந்தது ஓ.எல். விஞ்ஞானத்தோடு சரி. அதனால் தொழில்நுட்பக் கல்லூரியில் படிக்கும் நண்பனிடம் கேட்டோம். அவன் சொன்னதை வாசித்தும் சரிபார்த்துக்கொண்டோம். அந்த மெஷினுக்குள் இருப்பது காபனீரொட்சைட்டு லேசர். 1964 இல் பெல் ஆய்வுகூடத்தில் குமார் பட்டேல் என்ற இந்தியர் கண்டுபிடித்த வகை. முதல் லேசரை 1960 மே மாதம் தியோடர் மைமன் எரியவைத்து நாலு வருஷம்தான் ஆகியிருந்தது. இன்றைக்குக் கடைகளில் இருப்பது ஒரு நீளக் கண்ணாடிக் குழாய். அதற்குள் வாயு. அதை எரியவைக்க ஏறத்தாழ 20,000 வோல்ட் வேண்டும். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை ஒரு பெட்டி அந்த அளவுக்கு ஏற்றிக் கொடுக்கிறது. குழாய் சூடாகாமல் இருக்கப் பக்கத்திலேயே தண்ணீர் ஓடுகிறது. 20,000 வோல்ட், தண்ணீர், இரும்புப் பொடி, மழைநாள் ஈரத் தரை. சுவிட்சை ஓஃப் பண்ணின பிறகும் பெட்டிக்குள் இருக்கும் கொள்ளளவிகள் கொஞ்ச நேரம் மின்னைப் பிடித்து வைத்திருக்கும். லேசர் என்றதும் எல்லாருக்கும் கண்தான் ஞாபகம் வரும், கறுப்புக் கண்ணாடி போடச் சொல்வார்கள். கண் போவது உண்மைதான். ஆனால் லேசர் வேலையில் உயிர் போனது பெரும்பாலும் கதிரால் இல்லை, மின்சாரத்தால் என்று பாதுகாப்புக் கைநூல்கள் எழுதுகின்றன. இத்தனைக்கும் எதிராக அந்த மெஷின் செய்தவன் வைத்த முதல் காவல் ஒரு பச்சை மஞ்சள் வயர். அதைத்தான் அடாப்டர் வெட்டி விட்டிருந்தது.

அன்றைக்கு பஸ்ஸில் திரும்பும்போது பேச்சு அண்ணனிலிருந்து எங்கள் வீடுகளுக்குப் போனது. எங்களில் முக்கால்வாசிப் பேர் லயத்துப் பிள்ளைகள். சுரீர் என்று இழுக்கும் சுவிட்ச், பேனாவை எர்த் ஓட்டையில் குத்தி இரண்டு கால் ப்ளக்கைச் சொருகுவது, 'மழ நேரம் அதத் தொடாத' என்ற ஆத்தாவின் குரல், எல்லாம் எல்லாருக்கும் தெரிந்தவை. இவ்வளவு பேருக்கு ஒரே அனுபவம் இருந்தால் அதற்கு ஒரு வரலாறு இருக்கும்தானே. அதைத் தேடிப் போனதுதான் இந்தக் கட்டுரை.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். மின்சாரப் பாதுகாப்புக்கென்று இங்கிலாந்தில் முதல் விதிகள் எழுதப்பட்டது 1882 இல். தந்திப் பொறியியலாளர் சங்கம் போட்ட அந்த விதிகளின் தலைப்பே மின் விளக்கால் வரும் தீ அபாயத்தைத் தடுப்பது பற்றியது. பயந்தது கட்டடம் எரியும் என்றுதான். மனுசனுக்குக் கரண்ட் அடிப்பது தலைப்பிலே இல்லை. கொழும்புக் கோட்டையில் இலங்கையின் முதல் மின்விளக்கு எரிந்ததும் அதே 1882 இல் என்பதுதான் வழமையாகச் சொல்லப்படும் கதை.

அந்தக் காலத்தில் திம்புள்ள கோப்பியிலிருந்து தேயிலைக்கு மாறிக்கொண்டிருந்தது. திம்புள்ள என்று நாங்கள் சொல்வது தலவாக்கலை, லிந்துலை, அக்கரப்பத்தனை, கொட்டகலை எல்லாம் சேர்ந்த அந்தப் பெரிய பள்ளத்தாக்கை. 1885 இல் ரயில் பாதை நானுஓயாவைத் தொட்டது. பாரமான இரும்பு மெஷின்கள் மலையேற வழி கிடைத்தது. தேயிலை ஸ்டோரில் ரோலர் சுற்ற, காற்றாடி ஓட, அடுப்புக் காற்று ஊத எல்லாவற்றுக்கும் ஒரு விசை வேண்டும். அதற்கு இங்கே பஞ்சமில்லை, எந்தப் பக்கம் திரும்பினாலும் ஆறு விழும். பல தோட்டங்கள் ஓடையை மறித்து, குழாயில் இறக்கி, டர்பைன் வைத்துக்கொண்டன. டர்பைன் ஒரு நீண்ட தண்டைச் சுற்றும். தண்டு ஸ்டோரின் கூரையோடு போகும். அதிலிருந்து தோல் பட்டிகள் ஒவ்வொரு மெஷினுக்கும் இறங்கும். அப்போதைய ஆபத்து கண்ணுக்குத் தெரிகிற ஆபத்து: பட்டியில் சேலை மாட்டும், முடி மாட்டும், கை போகும். 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தண்டையும் பட்டியையும் சுற்றி வேலி போடச் சொன்னது. அதற்கு முன்பே, 1934 இல், வேலையில் காயப்பட்டால் நட்டஈடு கொடுக்கும் கட்டளைச் சட்டம் வந்திருந்தது.

பிறகு டர்பைனோடு டைனமோ சேர்ந்தது. தோட்டமே தன் கரண்ட்டைச் செய்தது. அது எங்கே போனது? ஸ்டோருக்குப் போனது. மிஞ்சினது தொரை பங்களாவுக்குப் போனது. ஸ்டோருக்குப் பக்கத்திலேயே லயம் இருந்தாலும் லயத்தில் குப்பி லாம்புதான். இரவு வேலை முடிந்து வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு நடந்து வந்த கதையை எங்கள் தாத்தாமார் சொல்வார்கள். ஏதோ சினிமாவில் கறுப்பு வெள்ளை மாறின மாதிரி ஒரு சாதாரணக் குரலில் சொல்வார்கள்.

நாட்டுக்கான மின்சாரமும் எங்கள் பக்கத்திலிருந்துதான் தொடங்கியது. டி. ஜே. விமலசுரேந்திர என்ற பொறியியலாளர் 1912 இல் நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையில், பிளக்பூல் என்ற இடத்தில், சின்ன நீர்மின் நிலையம் ஒன்றைக் கட்டினார். நுவரெலியா டவுனுக்கு அதிலிருந்து வெளிச்சம் போனது. 1918 இல் இலங்கைப் பொறியியல் சங்கத்துக்கு அவர் ஒரு ஆய்வுரை எழுதினார். கெஹெல்கமு ஓயா, மஸ்கெலி ஓயா இரண்டையும் பிடித்தால் நாட்டையே ஒளியேற்றலாம் என்பது அவர் வாதம். வெள்ளைக்கார நிர்வாகம் அதைத் தொட்டும் விட்டும் இழுத்தடித்தது. 1920களில் தொடங்கிய வேலை பாதியில் நின்றது. அவர் வேலையை விட்டு 1931 இல் இரத்தினபுரியிலிருந்து அரசாங்க சபைக்கே போய் அதற்காக வாதாடினார். ஒருவழியாக 1950 இல் நோட்டன் பிரிட்ஜ் அணையும் லக்ஷபான நிலையமும் ஓடத் தொடங்கின, 25 மெகாவாட். மூன்று வருஷம் கழித்து அவர் காலமானார். பார்த்துவிட்டுத்தான் போனார் என்று நினைக்கும்போது எங்களுக்கும் ஒரு சந்தோஷம்.

ஆனால் அந்த வருஷத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்க. 1948 இன் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து ஏறத்தாழ இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. நோட்டனைச் சுற்றியுள்ள தோட்டங்களில் இருந்த நம்ம ஆட்களில் பெரும்பாலானோர் அப்போது எந்த நாட்டுக்காரரும் இல்லை, வாக்கும் இல்லை. அவர்கள் தலைக்கு மேலே 66 கிலோவோல்ட் கம்பி கொழும்புக்குப் போனது. 1964 அக்டோபரில் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், 1965 இல் காசல்ரீ நீர்த்தேக்கம். 1969 இல் மவுசாகலை. அதில் பழைய மஸ்கெலியா டவுனே தண்ணீருக்குள் போனது. கடும் வெயில் காலத்தில் நீர் வற்றினால் பழைய கோயில் தலை காட்டும், பஸ் பிடித்துப் போய்ப் பார்ப்பார்கள். அதே 1969 இன் 17 ஆம் இலக்கச் சட்டத்தால் இலங்கை மின்சார சபை உருவானது. யாரை அனுப்புவது, யாரை வைத்துக்கொள்வது என்று இரண்டு நாடுகள் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், அவர்களுடைய காம்பராவுக்கு ஒரு பல்ப் போடுவது யாருடைய பட்டியலிலும் இருந்திருக்காது. இது எங்கள் ஊகம்தான், ஆனால் பிழையான ஊகம் என்று நினைக்கவில்லை.

தேசிய மின்கட்டமைப்பு ஸ்டோர்களுக்கு வந்தது. தோட்டங்களின் சொந்த டர்பைன்கள் ஒவ்வொன்றாகத் துருப்பிடித்தன. கூரைத் தண்டு போய் மெஷினுக்கொரு மோட்டர் வந்தது. பட்டி மறைந்தது, ஆபத்து வயருக்குள் போய் ஒளிந்துகொண்டது. லயத்துக்கு மட்டும் இன்னும் குப்பி லாம்பு.

குப்பி லாம்பைப் பற்றி ஒரு பந்தி எழுதாமல் போக மனசு வரவில்லை. பழைய போத்தலில் மண்ணெண்ணெய், மூடியில் ஓட்டை, துணித் திரி. கை பட்டால் விழும், விழுந்தால் உருளும், எண்ணெய் கொட்டி எரியும். இலங்கை முழுக்க இப்படிக் கருகியவர்கள், அதிலும் பெண்களும் பிள்ளைகளும், ஏராளம். விஜய கொடகும்புர என்ற சத்திரசிகிச்சை நிபுணர் வார்டில் இந்தக் காயங்களைப் பார்த்துப் பார்த்து, கட்டையான, பாரமான, இரண்டு பக்கம் தட்டையான ஒரு கண்ணாடி லாம்பைச் செய்தார். விழாது. விழுந்தாலும் உருளாது, திருகு மூடி இருப்பதால் எண்ணெய் கொட்டாது. யோசனை பிடிபட்டது மார்மைட் போத்தலில் இருந்து! 'சுதீப' என்று பெயர். 1998 இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. ஏழை வீட்டுப் பொருளின் பாதுகாப்பைப் பற்றி ஒருவர் உட்கார்ந்து யோசித்த அபூர்வமான சந்தர்ப்பம் அது. லயத்து வயருக்கு அப்படி ஒரு கொடகும்புர வரவில்லை.

லயத்துக்குக் கரண்ட் தோட்டத்துக்குத் தோட்டம் வேறு வேறு நேரத்தில் வந்தது. பல இடங்களில் 1990களிலும் அதற்குப் பிறகும்தான். வந்த விதம்தான் விஷயம். மின்சார சபையிடம் இணைப்புக் கேட்டால், குடியிருக்கும் இடத்துக்கான உரிமைப் பத்திரம் வேண்டும். லயத்துக் காம்பராவுக்கு ஏது பத்திரம்? நிலம் 1970களில் அரசுக்குப் போனது, 1992 இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது, நாலு தலைமுறை இருந்தவர் பெயருக்கு மட்டும் போகவில்லை. ஆகவே தோட்ட நிர்வாகத்திடம் சம்மதக் கடிதம் வாங்க வேண்டும். தொரை நல்ல மனநிலையில் இருந்தால் கிடைக்கும். கிடைக்காதவர்கள், கிடைத்தும் கட்ட முடியாதவர்கள், பக்கத்துக் காம்பராவிலிருந்து ஒரு வயர் இழுத்துக்கொண்டார்கள். ஒரு மீட்டரில் மூன்று குடும்பம், நாலு குடும்பம். அதற்குத் திருட்டு என்று பெயர் வைப்பது சுலபம். நாங்கள் அப்படி எழுத மாட்டோம்.

இனிக் கணக்கைப் பாருங்க. அந்த வயர் ஒரு பல்புக்கும் ஒரு ரேடியோவுக்கும் போட்ட ஒற்றைக் கம்பி வயர். காலையில் ஆறு மணிக்கு, பெரட்டுக்குப் போகும் அவசரத்தில், நாலு காம்பராவிலும் 1,500 வாட் கேத்தல் போட்டால் 6,000 வாட். 230 ஆல் பிரித்தால் 26 அம்பியர். வயர் சூடாகும். அது போகிற இடம் தகரக் கூரைக்கும் பலகைக்கும் நடுவில், அடுப்புப் புகைக்கரி படிந்த இடம், எலி ஓடும் இடம். பியூஸ் போயிருக்க வேண்டும். ஆனால் அடிக்கடி போகுதே என்று யாரோ ஒரு மாமா அதில் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றி வைத்திருப்பார். அந்த மாமா கெட்டிக்காரர் என்று பெயரெடுத்திருப்பார், எங்கள் வீட்டிலும் ஒருவர் இருந்தார். ஒரே கூரையின் கீழ் பத்து, இருபது காம்பரா. ஒன்றில் பிடித்தால் கூரையே பாலம். 'மின் ஒழுக்கு காரணமாக லயன் குடியிருப்பில் தீ' என்று பேப்பரில் நாலு வரிச் செய்தி வரும். படித்துப் படித்து எங்களுக்கு அந்த வசனமே மனப்பாடம். யார் வயர் போட்டது, எப்போது போட்டது, யார் பரிசோதித்தது என்று ஐந்தாவது வரி வந்து நாங்கள் பார்த்ததில்லை.

எர்த்துக்கு வருவோம். இங்கே வீடுகளுக்கு எர்த் என்பது மீட்டருக்குப் பக்கத்தில் நிலத்தில் அடிக்கும் ஒரு கம்பி. ஈர மண்ணில் ஆழமாக அடித்தால் நல்ல வேலை செய்யும். மலையில் இரண்டு அடி போனால் பாறை. பாதிக் கம்பி வெளியே நிற்கும், அதைப் பிறகு யாராவது அறுத்துவிடுவார்கள். அப்படிப்பட்ட எர்த்தின் தடை 50 ஓம் என்று வைத்துக்கொண்டால், மெஷினின் பொடிக்குக் கரண்ட் ஒழுகும்போது 230 ஐ 50 ஆல் பிரித்து, 4.6 அம்பியர்தான் ஓடும். 15 அம்பியர் பியூஸ் அதைக் கண்டுகொள்ளவே கொள்ளாது. பொடி உயிரோடு நின்றுகொண்டே இருக்கும். ஒருவர் வந்து தொட்டால்?

எவ்வளவு கரண்ட் என்றால் ஆபத்து என்று அளந்தவர் சார்ள்ஸ் டால்சியல், கலிபோர்னியா பல்கலைக்கழகம், பெர்க்லி. 1940களில் மாணவர்களையும் தொண்டர்களையும் கம்பியைப் பிடிக்கவைத்து, கரண்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, எந்த அளவில் கையை விட முடியாமல் போகிறது என்று பார்த்தார். (எங்கள் பீடத்தில் யாராவது இப்படி ஆய்வுக்குக் கூப்பிட்டால் நாங்கள் போக மாட்டோம்.) சராசரி ஆணுக்கு 16 மில்லி அம்பியர், பெண்ணுக்கு 10.5. அதாவது ஒரு அம்பியரில் அறுபதில் ஒரு பங்கு வந்தாலே நம்ம கை நம்ம பேச்சைக் கேட்காது. பியூஸ் காப்பாற்றுவது வயரை, மனுசரை அல்ல என்பது இந்த எண்களில்தான் எங்களுக்கு உறைத்தது.

மனுசரைக் காப்பாற்றும் கருவி ட்ரிப் சுவிட்ச். போகிற கரண்ட்டும் திரும்பி வருகிற கரண்ட்டும் சமமா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி அம்பியர் குறைந்தால், எங்கேயோ யாரோ வழியாக ஒழுகுது என்று எடுத்துக்கொண்டு, கண் இமைக்கும் நேரத்தில் வெட்டிவிடும். இதன் ஆரம்பகால வடிவங்களில் ஒன்று 1950களின் நடுவில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களுக்காக ஹென்றி ரூபின் செய்தது. டால்சியல் 1961 இல் தன் பங்குக்கு ஒன்று செய்தார். மலையில் எர்த் பலவீனமாக இருந்தாலும் 4.6 அம்பியரைக் கண்டால் ட்ரிப் விழுந்துவிடும். 30 மில்லி எங்கே, 4,600 மில்லி எங்கே. ஆனால் அது மீட்டரோடு வருகிற சாமான். பக்கத்துக் காம்பராவிலிருந்து வரும் வயரில் நாலு வீட்டு ஒழுக்கும் சேர்ந்தால் அது ஓயாமல் விழும். ஓயாமல் விழுந்தால் அந்த மாமா மறுபடி வருவார், ட்ரிப்பைத் தாண்டி நேராக ஒரு வயர் போட்டுக் கொடுப்பார்.

இன்றைய ஸ்டோரில் தேயிலையின் நிறத்தைக் கமராவால் பார்த்து, ஈர்க்கைக் காற்றால் தட்டிவிடும் மெஷின்கள் நிற்கின்றன. லேசர் கடை அண்ணனின் மெஷினைவிட விலை பல மடங்கு. அவற்றின் எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஆள் உண்டு, ஏனென்றால் எர்த் கெட்டால் கார்ட் எரிந்துபோகும். ஸ்டோருக்குச் சட்டம் உண்டு, பரிசோதகர் உண்டு, நட்டஈடும் உண்டு. அதே தொழிலாளி ஸ்டோர் கேட்டைத் தாண்டி லயத்துக்குப் போனால் அது தொழிற்சாலை இல்லை. அவர் பெயரில் இல்லாததால் அது அவர் வீடும் இல்லை. வயர் யாருடையது? தோட்டத்தைக் கேட்டால் மின்சார சபை என்பார்கள். சபையைக் கேட்டால் மீட்டர் வரைக்கும்தான் தங்கள் பொறுப்பு என்பார்கள், அது விதிப்படி சரியும்கூட. மீட்டருக்கு இந்தப் பக்கம் இருப்பது, கடிதம் கொடுத்தால்தான் கரண்ட் கிடைக்கும் ஒரு மனுசர்.

2012 இல் தலவாக்கலையில் மேல் கொத்மலை நிலையம் திறந்தது, 150 மெகாவாட். சென் கிளேயர் நீர்வீழ்ச்சியின் தண்ணீரைப் பிடித்தது அதுதான். 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் இன்னும் 10,000 வீடு கட்டித் தருவதாக அறிவித்தார். ஏழு பேர்ச் காணியில் தனித்தனி வீடு. அந்த மாதிரி வீட்டுக்குப் போன ஒரு தோழியிடம் என்ன வித்தியாசம் என்று கேட்டோம். தனிக் கக்கூஸ் என்று சொல்வாள் என்று நினைத்தோம். "எங்க மீட்டர் எங்க பேர்ல வருது" என்றாள். அவள் அம்மா மாசாமாசம் பில்லை எறியாமல் அடுக்கி வைத்திருக்கிறாராம். பேர் போட்ட வேறு பத்திரம் அவரிடம் அதிகம் இல்லை.

பலகையை எடுக்க மறுபடி ஹட்டன் போனபோது எங்கள் நண்பனையும் கூட்டிப் போனோம். அடாப்டரைக் கழற்றிவிட்டு எர்த்தோடு சரியான 13 அம்பியர் ப்ளக் போட்டான். மீட்டரை வைத்துப் பார்த்தான், பொடியில் இன்னும் வோல்ட் காட்டியது. சுவரில் இருக்கும் எர்த் ஓட்டைக்குப் பின்னாலேயே வயர் இல்லை. அண்ணன் தலையைச் சொறிந்தார். எர்த் கம்பி அடிக்கவும் புதுசாக வயர் இழுக்கவும் செலவு தான் தருகிறேன், அது பிரச்சினை இல்லை என்றார். "ஆனா கட்டடம் நம்மது இல்லையே தம்பி. மொதலாளிகிட்ட ஒரு கடுதாசி வாங்கணும்."